படிவம் 24ஏ-வில் தேதி எங்கே? இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்கள் இருவருக்கும்,

வணக்கம்.

20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை ஒவ்வொரு கட்சியும் ஆண்டுதோறும் உங்களிடம் தாக்கல் செய்கிறது. அந்தத் தாளுக்குப் பெயர் படிவம் 24ஏ. அதில் வரிசை எண், கொடுத்தவரின் பெயரும் முழு முகவரியும், பான் எண்ணும் வருமான வரி வட்டமும், தொகை, வந்த வழி, குறிப்பு என்று ஆறு கட்டங்கள் இருக்கின்றன. எந்த நாளில் வந்தது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கினாலும் பில்லில் தேதி இருக்கும். பத்துக் கோடி ரூபாய் கைமாறும் தாளில் இல்லை.

சில கட்சிகள் காசோலை நாளைத் தாமாகவே எழுதுகின்றன. பல எழுதுவதில்லை. எழுதாவிட்டால் கேட்பாரும் இல்லை.

இந்த மடலில் நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் அல்ல. அரசே தேர்தல் செலவை ஏற்க வேண்டும் என்பது போன்ற பழைய விவாதங்களுக்குள் போகவில்லை. 24ஏ-வோடு ஓர் இணைப்புத் தாளைக் கட்டாயமாக்குங்கள் என்பதே கோரிக்கை. அதில் என்னென்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும், இல்லாததால் இப்போது என்ன நடக்கிறது என்பதை எழுதுகிறோம்.

முதலில் தேதி. பெயர் வெளியே தெரியாமல் ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னபோது, அதன் தர்க்கத்தில் ஒரு முக்கியமான படி இருந்தது. பணம் கொடுப்பவருக்குச் சட்டம் இயற்றுவோரை நெருங்கும் வழி திறக்கிறது, அந்த நெருக்கம் கொள்கை முடிவுகளில் செல்வாக்காக மாறுகிறது என்றது தீர்ப்பு. நம் ஊர் வழக்கில் சொன்னால், மொய் எழுதியவருக்கு முதல் பந்தியிலேயே இலை விழுகிறது. இந்த நெருக்கத்துக்கு ரசீது கிடையாது. ‘இன்ன ஒப்பந்தம் வேண்டி’ என்று யாரும் காசோலையின் பின்பக்கம் எழுதுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கிடைப்பவை எல்லாம் நாள்கள்தான். டெண்டர் முடிவான நாள், அரசிதழில் விதி மாறிய நாள், சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த நாள், அமலாக்கத் துறை சோதனைக்குப் போன நாள். இவை எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. இவற்றின் அருகே வைத்துப் பார்க்க வேண்டிய நன்கொடைக்குத்தான் நாள் இல்லை.

தேதி இருந்தால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் நாடே பார்த்தது. பத்திர விவரங்களைக் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மறுநாள், மார்ச் 12 அன்று, விவரம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. 14-ஆம் தேதி நீங்கள் இரண்டு கோப்புகளை வெளியிட்டீர்கள். பத்திரம் வாங்கியவர்கள் 337 பக்கம், பணமாக்கிய கட்சிகள் 426 பக்கம். இரண்டையும் இணைக்கும் பத்திர எண் அதில் இல்லை. மார்ச் 21 அன்று எண்களும் வந்தன. சில மணி நேரத்தில் யார் யாருக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங் வாங்கிய 1,368 கோடியில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்குப் போயிருந்தது. (நன்கொடையாளர் பெயரை மறைக்காமல் உங்களிடம் எழுதிக் கொடுத்த சில கட்சிகளுள் திமுகவும் ஒன்று; அந்த மட்டில் பாராட்டலாம்.) பட்டியலில் முதலிடம் பாஜகவுக்கு, சுமார் 6,060 கோடி. சோதனை நடந்த நாள்களையும் பத்திரம் வாங்கிய நாள்களையும் செய்தியாளர்கள் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். அடுத்தடுத்து இருப்பதாலேயே குற்றம் நடந்தது என்று ஆகிவிடாது. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று ஏற்கவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்க முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெயரை மறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட பத்திரத்தின் வங்கி ஏட்டில் வாங்கிய நாள், பணமாக்கிய நாள், தனி எண் என்று எல்லாம் இருந்தன. வெளிப்படைத்தன்மைக்கென்றே 2003-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 29சி பிரிவின் படிவத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கட்டாயம் இல்லை.

அடுத்தது காலதாமதம். 29சி பிரிவின்படி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளுக்குள் 24ஏ வர வேண்டும். தணிக்கைக்கு உட்பட்டவர்களுக்கு அது வழக்கமாக அக்டோபர் 31. வரித் துறை அவகாசம் நீட்டித்தால் இதுவும் நீளும். ஏப்ரல் 1 அன்று வந்த பணம் அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியில் உங்கள் மேசைக்கு வரும். 19 மாதம். அதற்குப் பிறகுதான் இணையத்தில் ஏற்றம்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே சட்டமன்றத் தேர்தல் நிதியாண்டு மாறும் வாசலிலேயே வந்து நிற்கிறது. 2021-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. மார்ச் 31 அன்று கொடுத்த நன்கொடை 2020–21 கணக்கு. ஏப்ரல் 2 அன்று கொடுத்தது 2021–22 கணக்கு. இரண்டே நாள் வித்தியாசம், ஆனால் வெளிச்சத்துக்கு வருவதில் ஓராண்டு வித்தியாசம். பிரச்சாரம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் யார் பணம் கொடுத்தார்கள் என்பது, வென்றவர்கள் ஆட்சிக்கு வந்து இரண்டாவது பட்ஜெட்டும் போட்டு முடித்த பிறகுதான் வாக்காளருக்குத் தெரியும். கணக்குப்பிள்ளைகளுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

பிரிட்டனில் கட்சிகள் காலாண்டுக்கு ஒருமுறையும் பொதுத்தேர்தல் காலத்தில் வாரந்தோறும் கணக்குக் கொடுக்கின்றன. அமெரிக்காவில் தேர்தலுக்கு முந்தைய 20 நாள்களில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால், வேட்பாளரின் குழு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கெல்லாம் யோக்கியம் கூடுதல் என்று சொல்ல வரவில்லை. ஆண்டுக்கு 50,000 பவுண்டு கட்டினால் தலைவரோடு விருந்து என்று கன்சர்வேடிவ் கட்சி வெளிப்படையாகவே ஒரு குழு நடத்தியது. விலை எழுதி மாட்டிய கடை அது. இங்கே கடையும் உண்டு, விலையும் உண்டு, பலகைதான் இல்லை.

எனவே இணைப்புத் தாள் காலாண்டுக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் வரட்டும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை வாரம் ஒருமுறை. இன்று எந்தக் கட்சியும் தன் வங்கிக் கணக்கின் விவரத்தை ஐந்து நிமிடத்தில் பதிவிறக்கிவிடும். ‘கிளைகளிலிருந்து கணக்கு வரவில்லை’ என்ற பழைய சாக்கு காசோலைக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் பொருந்தாது.

இனி, கொடுத்தவர் யார் என்பது. பெயர் இருக்கிறதே என்பீர்கள். பெயர் போதாது. பத்திரப் பட்டியலிலேயே பியூச்சர் கேமிங்கின் பெயர் இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் கடைசிச் சொல் பாதியில் அறுந்திருந்தது. கணினியில் கூட்டினால் இரண்டு வேறு நிறுவனங்கள். 24ஏ-க்களில் நிலைமை இன்னும் மோசம். ‘பிரைவேட் லிமிடெட்’ ஓரிடத்தில் முழுசாக, ஓரிடத்தில் சுருக்கமாக, ஓரிடத்தில் இல்லவே இல்லை. கோப்புகளில் பல, தாளை ஸ்கேன் செய்த படங்கள். சாய்ந்த எழுத்து, மங்கிய முத்திரை. தேட முடியாது, கூட்ட முடியாது. ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகத் தட்டச்சு செய்தால்தான் உண்டு.

நிறுவனமாக இருந்தால், பதிவின்போது அதற்குக் கிடைக்கும் அடையாள எண்ணான சிஐஎன் எண்ணைக் கட்டாயமாக்குங்கள். 21 இலக்கம் கொண்ட அந்த எண் சும்மா ஓர் அடையாளம் அல்ல. முதல் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்று சொல்லும். அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை, அதற்கடுத்த இரண்டு எழுத்துகள் மாநிலம். 9 முதல் 12 வரை உள்ள நான்கு எண்கள் நிறுவனம் பதிவான ஆண்டு. நிறுவனச் சட்டம் 2013-இன் 182-ஆவது பிரிவின்படி, தொடங்கி மூன்று நிதியாண்டு முடியாத நிறுவனம் கட்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. சிஐஎன் எண் தாளில் இருந்தால், எந்தப் பதிவேட்டையும் திறக்காமலே அந்த விதிமீறல் கண்ணில் படும். உங்கள் மென்பொருள் தானாகவே சிவப்புக் கோடு போடலாம்.

பான் எண்ணிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. பத்து இலக்கத்தில் நான்காவது எழுத்து, உரியவர் தனிநபரா, நிறுவனமா, கூட்டு நிறுவனமா, அறக்கட்டளையா, இந்துக் கூட்டுக் குடும்பமா என்று காட்டும். முழு பான் எண்ணை வெளியிட வேண்டாம், அதில் நியாயமான அச்சம் உண்டு. நான்காவது எழுத்தையும் கடைசி நான்கு இலக்கத்தையும் மட்டும் காட்டினால் போதும். ஒரே ஆள் மூன்று பெயரில் வந்தாலும், ஒரே பெயரில் மூன்று ஆள் வந்தாலும் பெரும்பாலும் பிடிபடும். இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், 182-ஆவது பிரிவின் தடைகள் நிறுவனங்களுக்கு மட்டும்தான். எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் அந்த வரம்பு இல்லை. முதலாளி தன் சொந்தக் கணக்கிலிருந்து கொடுத்தால் உச்ச வரம்பே கிடையாது.

வரம்பு என்றதும் 7.5 சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது 2013 சட்டம். சராசரி லாபம் 40 கோடி என்றால் 3 கோடிதான் கொடுக்கலாம். சராசரி நட்டம் என்றால் ஒன்றும் கூடாது. 2017 நிதிச் சட்டம் இதை நீக்கியது, 2024 தீர்ப்பு அந்த நீக்கம் செல்லாது என்றது. நிறுவனங்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் கொடுத்தன என்ற சான்றிதழை இணைக்கும்படி 24ஏ படிவம் ஏற்கெனவே கேட்கிறது. அதாவது, புதிதாகக் கேட்க வேண்டியதே இல்லை. இருக்கிற விதியின்படி வாங்கி, தாக்கலாகும் சான்றிதழில் லாபக் கணக்கும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்தால் போதும்.

20,000 என்ற கோட்டுக்குக் கீழே நடப்பது வேறு கதை. ஒரு கோடியை 19,500 வீதம் பிரித்தால் 513 ரசீது. ரொக்கமாக வேண்டுமென்றால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 13ஏ பிரிவு அனுமதித்த 2,000 வீதம் 5,000 ரசீது. இரண்டு ரசீதுப் புத்தகக்காரர்களுக்கு ஒரு வார வேலை. ‘கூப்பன் விற்பனை’ என்று தணிக்கை அறிக்கையில் ஒரு தலைப்பு இருக்கும். அதற்குப் பெயர்ப் பட்டியல் தேவையில்லை. 20,000-க்கு மேல் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை என்று பகுஜன் சமாஜ் கட்சி ஆண்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்தக் கோட்டை 2,000-ஆக இறக்குங்கள், ரொக்கத்தை மொத்த வரவில் 20 சதவீதம் அல்லது 20 கோடி, எது குறைவோ அதற்குள் நிறுத்துங்கள் என்று 2022-இல் அரசுக்கு எழுதியது உங்கள் ஆணையம்தான். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், அது உங்கள் கையில் இல்லை, விட்டுவிடுகிறோம். உண்மையில், அமைச்சரை நெருங்கும் விலை 19,500-இல் அடங்குவதும் இல்லை. நாங்கள் கவலைப்படுவது பெரிய தொகைகளைப் பற்றி.

பெரிய தொகைகள் இப்போது போகும் வழி, நன்கொடைகளை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை. பத்திரக் கதவு மூடியதும் கூட்டம் இந்தக் கதவுக்கு நகர்ந்துவிட்டது. 2024–25-இல் ஒன்பது அறக்கட்டளைகள் கட்சிகளுக்குக் கொடுத்தது 3,800 கோடிக்கு மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு பாஜகவுக்கு. 2013-இல் வந்த இந்தத் திட்டம் பத்திரத்தைவிடப் பல மடங்கு மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ரொக்கம் கூடாது. ஆண்டில் வந்ததில் 95 சதவீதத்தையாவது மார்ச் 31-க்குள் கொடுத்துவிட வேண்டும். நிர்வாகச் செலவு முதல் ஆண்டு 5 லட்சத்தையும் பிறகு 3 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கொடுத்தவர் பெயரும், பெற்ற கட்சியின் பெயரும் உங்களிடம் வருகின்றன.

எது வரவில்லை? இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு. ஓர் உதாரணத்துக்கு, மார்ச் 3 அன்று ‘அ’ என்ற சிமெண்ட் நிறுவனம் 10 கோடி போடுகிறது. 5-ஆம் தேதி ‘ஆ’ என்ற மருந்து நிறுவனம் 10 கோடி. 6-ஆம் தேதி அறக்கட்டளையிலிருந்து ஆளும் கட்சிக்கு 14 கோடியும் எதிர்க்கட்சிக்கு 6 கோடியும் போகின்றன. சிமெண்ட் பணம் எங்கே போனது? தாளில் பதில் கிடையாது. குடத்தில் ஊற்றிய தண்ணீர். ஆனால் இதே அறக்கட்டளையில் மார்ச் 10 அன்று ஒரே ஒருவர் 25 கோடி போட்டு, 12-ஆம் தேதி ஒரே கட்சிக்கு 25 கோடி போயிருந்தால் யாரும் ஊகித்துவிடலாம். அறக்கட்டளைகளின் அறிக்கையில் நாள் இருக்கும் இடங்களில் இப்படித்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். ஊகம் செய்ய வைக்கும் வெளிப்படைத்தன்மை அரைகுறை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. தவறான நிறுவனத்தின் தலையில் தவறான கட்சியைக் கட்டிவிடும்.

கட்சியின் 24ஏ-வைத் திறந்தால் அறக்கட்டளையின் பெயரும் ஒரு பெருந்தொகையும் மட்டும் நிற்கும். உள்ளே இருக்கும் நிறுவனங்களைப் பார்க்க அறக்கட்டளையின் அறிக்கையைத் தனியே தேட வேண்டும். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குப் போனாலோ, அங்கேயும் அறக்கட்டளையின் பெயர்தான். மூன்று தாள், மூன்றிலும் பாதிப் பாதி.

ஆகவே அறக்கட்டளைகள் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் அதில் யார் யார் பணம் எவ்வளவு என்ற பங்கீட்டு அட்டவணையைக் கேளுங்கள். நன்கொடையாளர் இன்ன கட்சிக்கு என்று விருப்பம் தெரிவித்திருந்தால் அதையும், தெரிவிக்காவிட்டால் ‘விருப்பம் இல்லை, அறக்கட்டளை முடிவு’ என்பதையும் எழுத ஒரு கட்டம். கணக்கில் இது ஏற்கெனவே இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

அதிகாரம் இருக்கிறதா என்று உங்கள் சட்டப் பிரிவு கேட்கும். 24ஏ, 1961 தேர்தல் நடத்தை விதிகளின் 85பி விதியில் வருகிறது. படிவத்தையே திருத்த வேண்டுமானால் மத்திய அரசின் அறிவிக்கை வேண்டும். அதனால்தான் படிவத்தைத் தொடாமல் இணைப்புத் தாள் கேட்கிறோம். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் அரசியலமைப்பின் 324-ஆவது உறுப்பின் கீழ் ஆணையம் செயல்படலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2002-இல், வேட்பாளர் சொத்து–குற்ற விவர வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே உறுப்பை வைத்து 2014 ஆகஸ்ட் 29 அன்று கட்சி நிதி வெளிப்படைத்தன்மை வழிகாட்டுதல்களை நீங்கள் வெளியிட்டீர்கள்; கட்சிகள் முணுமுணுத்தபடி பின்பற்றின. இணையவழித் தாக்கலுக்கான தளம் 2023 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதில் நாள், ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண்ணான யுடிஆர், சிஐஎன், பங்கீடு ஆகிய நான்கு கட்டங்களைச் சேர்த்து, நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்வது மென்பொருள் ஆள்களுக்குச் சில நாள் வேலை.

கொடுக்காவிட்டால் என்ன செய்வது? 29சி-யின் கீழ் தண்டனை ஒன்றே ஒன்று: வரிவிலக்கு போகும். அது வெறும் மிரட்டல் அல்ல என்பதற்கு, தாமதத் தாக்கலும் 2,000-க்கு மேற்பட்ட ரொக்கமும் காரணமாக 199 கோடி ரூபாய்க்குக் காங்கிரஸ் கேட்ட விலக்கை வருமான வரித் தீர்ப்பாயம் 2025 ஜூலையில் மறுத்ததே சாட்சி. ஆனால் அது வரித் துறையின் கையில் உள்ள கம்பு, எந்தக் கட்சியின் மேல் விழும் என்பதில் அரசியல் புகுந்துவிடும். உங்கள் கையில் வேறொன்று இருக்கிறது. 1968 தேர்தல் சின்னங்கள் ஆணையின் 16ஏ பத்தி. ஆணையத்தின் சட்டப்படியான உத்தரவை மீறும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் அங்கீகாரத்தை நிறுத்தி வைக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். ஒருமுறை காரணம் கேட்டு நோட்டீஸ் போனாலே போதும். சின்னம் போய்விடும் என்றால் கணக்கு தானாக வரும்.

நன்கொடையாளரின் அந்தரங்கம் என்ற ஆட்சேபம் வரும். ஒரு கட்சிக்குக் கொடுத்தது மற்றக் கட்சிக்குத் தெரிந்தால் பழிவாங்குவார்கள் என்பார்கள். இதுவேதான் பத்திரத் திட்டத்துக்கும் சொன்ன காரணம். ஸ்டேட் வங்கியின் ஏட்டில் எல்லா விவரமும் இருந்ததால், அரசுக்கு மட்டும் தெரியும் வாய்ப்பும் மற்ற யாருக்கும் தெரியாத நிலையும்தான் மிஞ்சின. மேலும், கொள்கையில் பற்றுக் கொண்டு கொடுப்பவரின் அந்தரங்கத்துக்குக் காப்பு உண்டு, கொள்கையை வளைக்கக் கொடுப்பதற்கு இல்லை என்று 2024 தீர்ப்பே பிரித்துச் சொல்லிவிட்டது. 20,000-க்குக் கீழே கொடுக்கும் தொண்டரின் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

அமைச்சர்கள் யாரை எப்போது சந்தித்தார்கள் என்ற நாட்குறிப்பு வெளிவந்தால்தான் படத்தின் மறுபாதி கிடைக்கும். ஆறு தேசியக் கட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த மத்தியத் தகவல் ஆணையத்தின் 2013 உத்தரவே செயலற்றுக் கிடக்கும் நாட்டில், அதை உங்களிடம் கேட்பது நியாயமில்லை.

2017 மே 26 அன்று உங்கள் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. பத்திரங்கள் வெளிப்படைத்தன்மையைப் பின்னுக்கு இழுக்கும் நடவடிக்கை என்றும், நிறுவன நன்கொடை வரம்பை நீக்கினால் நன்கொடை கொடுப்பதற்கென்றே பெயர்ப்பலகை நிறுவனங்கள் முளைக்கலாம் என்றும் அதில் இருந்தது. ஏழு ஆண்டு கழித்து நீதிமன்றமும் அந்தக் கவலைகளைத்தான் பேசியது. அன்று எழுதும்போது உங்களிடம் அதிகாரம் இல்லை, எச்சரிக்க மட்டுமே முடிந்தது. இணைப்புத் தாளுக்கு அமைச்சகத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த 24ஏ தாக்கலுக்குக் கட்சிகளுக்கு நீங்கள் வழக்கமாக அனுப்பும் சுற்றறிக்கையோடு இந்த இணைப்பும் போகட்டும். ஆட்சேபம் உள்ள கட்சிகள் எழுத்தில் பதில் கொடுக்கட்டும், அந்தப் பதில்களையும் உங்கள் இணையதளத்தில் ஏற்றுங்கள், தேதியோடு.

இப்படிக்கு,
கட்சிகளின் நன்கொடைக் கணக்குகளைப் படித்துவரும் சிலர்